எறும்பு எழுத்து

அக்கா: ...படிக்க முடிஞ்சா உனக்கு ஏன்டி போன் பண்றேன்? திரை முழுக்கக் கறுப்பு. அதுல வெள்ளையா என்னமோ ஊருது.

தங்கை: ஊருதா?

அக்கா: எறும்பு மாதிரி. அது எழுத்துன்னு சத்தியம் பண்ணினாத்தான் நம்புவே.

தங்கை: ஆஸ்பத்திரி லேப் கம்ப்யூட்டரா? பழைய மானிட்டர்ல நல்லாத்தானே தெரிஞ்சுது?

அக்கா: அது புகைஞ்சு போச்சு. நேத்துதான் புதுசு மாட்டினாங்க. ரொம்பத் துல்லியமாம்.

தங்கை: அதான் விஷயம். புள்ளி பொடியாச்சுன்னா, புள்ளி வச்சு எழுதற எழுத்தும்...

அக்கா: பாடம் அப்புறம் எடு! காலையில கரண்ட் போய் வந்துச்சு. அதுலேருந்து இது எழுந்திருக்கவே மாட்டேங்குது. மேல ஒரு குழந்தைக்கு ஆபரேஷன். அதோட ரத்த ரிப்போர்ட் இந்தப் பொட்டிக்குள்ள மாட்டிக்கிட்டிருக்கு.

தங்கை: மறுபடி ரத்தம் எடுக்கலாமே?

அக்கா: மூணு கிலோ குழந்தைடி. எத்தனை தடவை குத்தறது? இன்ஜினியர் வர ரெண்டு மணி நேரமாகுமாம். கம்ப்யூட்டர் வேலை தெரிஞ்சவ நீதானே.

தங்கை: சரி... பக்கத்துல யாரும் இல்லையா?

அக்கா: புதுசா சேர்ந்த பொண்ணு மூக்கைத் திரையில ஒட்டிப் பார்த்தா. தலைவலிதான் மிச்சம். இரு, வீடியோ போடறேன், நீயே படிச்சுக்கோ.

தங்கை: வேணாம்... சிக்னல் சரியில்ல.

அக்கா: பேசறது கணீர்னு கேக்குதே?

தங்கை: அக்கா, நேரமில்ல. பாஸ்வேர்ட் போட்டியா?

அக்கா: போட்டேன். ஒரு குறி மினுக்கிட்டு நிக்குது.

தங்கை: அது போதும். கண்ணு வேணாம், விரல் இருந்தா போதும். எழுத்தைப் பெரிசாக்கற கட்டளை ஒண்ணு சொல்றேன், அடி. எஸ். ஈ. டி...

அக்கா: எந்த டி? குடிக்கிற டீயா, டாக்டர் டியா?

தங்கை: குடிக்கிற டீ. அப்புறம் எஃப், ஓ, என். மறுபடி டீ.

அக்கா: எந்த டீ டி?

தங்கை: குடிக்கிற டீதான்டி!

அக்கா: அக்காவை டி போடறியா?

தங்கை: அடி அக்கா! ஒரு இடைவெளி விடு. சின்னக் கோடு. ஒட்டினாப்ல டாக்டர் டி. என்ட்டரைத் தட்டு.

அக்கா: ம்... தட்டிட்டேன்... அம்மாடி!

தங்கை: என்ன?

அக்கா: பெரிசாயிடுச்சுடி! எல்லாம் அப்படியே ரெண்டு மடங்கு! நீ நல்லா இருக்கணும், நூறு வருஷம் இருக்கணும்!

தங்கை: ஆசீர்வாதம் அப்புறம். படி.

அக்கா: ஏதோ... பேக்கப் டிஸ்க் வருமா வருமான்னு காத்திருந்ததாம். வரலையாம்.

தங்கை: மானிட்டர் மாட்டினவங்க பின்னாடி எதையாவது இழுத்து விட்டிருப்பாங்க. பொட்டிக்குப் பின்னாடி பாரேன்.

அக்கா: இரு, குனியறேன்... இடுப்பு போச்சு... ஆமா! ஒரு ஒயர் தரையில கிடக்குது.

தங்கை: சொருகு. சொருகிட்டு, எக்ஸிட்னு அடி.

அக்கா: அடிச்சாச்சு... ஓடுது... ஓடுது... வந்துடுச்சு! திரையில நம்ம லேப் பக்கமே வந்துடுச்சு! ஏம்மா, அந்தக் குழந்தையோட ரிப்போர்ட்டை மேல அனுப்பு, ஓடு!... போயிடுச்சுடி. மேல வாங்கிட்டாங்களாம்.

தங்கை: அப்பாடா.

அக்கா: உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல.

தங்கை: இன்ஜினியர் வந்ததும் அந்தப் பெரிய எழுத்தையே நிரந்தரமா வைக்கச் சொல்லு. இல்லேன்னா அடுத்த தடவை மறுபடி எறும்புதான்.

அக்கா: சொல்றேன்... ஏய், ஒண்ணு சொல்லட்டா? பெரிசானப்புறமும் ஒரு வரிகூட எனக்குப் படிக்கத் தெரியல. இந்தப் பொண்ணுதான் வாசிச்சா. நான் திருப்பிச் சொன்னேன்.

தங்கை: என்னக்கா சொல்றே?

அக்கா: கண்ணுல புரையாம். ஆறு மாசமாச்சு. ஆபரேஷன் பண்ணிக்கணுமாம். பயம்டி. வீட்டுல யாருக்கும் தெரியாது. உங்க மாமாகிட்ட உளறிடாதே.

தங்கை: போக்கா. நாளைக்கே போ.

அக்கா: பார்க்கலாம், வர்ற மாசம்...

தங்கை: நாளைக்கே போன்னு சொல்றேன்ல! பண்ணினா சரியாப் போற வியாதிக்குப் பயப்படறியே!

அக்கா: ஏய்... எதுக்கு இப்படிக் கத்தறே? அழறியா?

தங்கை: இல்ல.

அக்கா: ஆபீஸ்ல யாராவது ஏதாவது சொன்னாங்களா? ஒரு வருஷமா வீட்டுப் பக்கமே வரல, கேட்டா லீவு இல்லேங்கறே... சொல்லு. நான் என் கதையைச் சொன்னேன்ல?

தங்கை: ...ஆபீஸே இல்லக்கா. எனக்குக் கண்ணுல வந்தது சரியாகாத வியாதி. அதே கட்டளையைத்தான் தினம் அடிச்சேன். ரெண்டு மடங்கு, நாலு மடங்குன்னு பெரிசாக்கிக்கிட்டே போனேன்... கடைசியில ஒரே ஒரு எழுத்து திரை முழுக்க நின்னப்பவும் தெரியல. இப்ப மெஷின் வாசிக்குது, நான் கேக்கறேன். அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம ஒளிஞ்சுக்கிட்டிருந்தேன். வேலைக்கு ஆகமாட்டேன்னு நானே முடிவு கட்டிட்டேன்... நீ கூப்பிட்டே. ரொம்ப தேங்க்ஸ்க்கா. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வர்றேன், பஸ் ஸ்டாண்டுக்கு மட்டும் வந்து கூட்டிட்டுப் போயிடு.