கங்காவின் பரீட்சைக்கு நான் செய்த உதவி

மாமா, தேத்தண்ணி ஆறிவிடும், முதலில் குடியுங்கள். உங்களுக்கென்று சீனி குறைத்துத்தான் போட்டிருக்கிறேன். கங்கா எனக்கு மனைவி என்றாலும் உங்களுக்கு மகள். அவள் பரீட்சை ஏன் பாழாய்ப் போனது என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. மறைக்க ஒன்றுமில்லை.

கம்ப்யூட்டர் பாதுகாப்புச் சான்றிதழ் எடுக்கலாம் என்று அவளுக்கு யோசனை சொன்னதே நான்தான். எதற்குப் பிறகு எது என்று திட்டம் போட்டுக் கொடுத்ததும் நான். முதலில் நெட்வொர்க், பிறகு செக்யூரிட்டி, கடைசியில் திருடன் மாதிரி உள்ளே புகுந்து சோதிக்கும் பரீட்சை. நெட்வொர்க்கை அவள் முதல் தடவையிலேயே பாஸ் பண்ணினாள். புக்கிட் ரோத்தானில் தெரிந்தவர்களுக்கெல்லாம் நான் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தேன். செக்யூரிட்டியும் பாஸானால் கோலாலம்பூர் கம்பெனி ஒன்றில் வேலை நிச்சயம் என்றார்கள்.

அப்புறம்தான் சின்னதாக ஒரு மாற்றம். நம் தாமான் குடியிருப்பில் யார் வீட்டு வைஃபை படுத்துக்கொண்டாலும் என்னைத்தானே கூப்பிடுவார்கள்? எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலையை விட எனக்கு அதில்தான் மரியாதை. போன மாதம் நல்லசாமி அண்ணன் வாசலில் வந்து நின்றார். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

"நீ இரு லோகா. கங்கா இல்லையா?" என்றார்.

வயிறு எரிந்தது, உண்மைதான். ஆனால் நான் செய்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அவளுக்குக் கேள்வி கேட்டுப் படிக்க வைக்கும்போது நானும் ஒன்று கற்றுக்கொண்டேன். எவ்வளவு பெரிய பூட்டுப் போட்டாலும், நல்ல மனசுள்ள ஒருவரிடம் நயமாகப் பேசினால் போதுமாம், அவரே திறந்து விட்டுவிடுவாராம். எனக்கு உடனே உங்கள் வீட்டம்மா, நம் புனிதவதி அத்தை ஞாபகத்துக்கு வந்தார்.

வீட்டிலிருந்தே எழுதும் பரீட்சை. கேமராவில் வேறு ஆள் தெரிந்தால் ரத்து. அதை நான் அத்தையிடம் சொல்லவில்லை. பரீட்சை எழுதும் பிள்ளையைத் திருநீறு பூசாமல் விடுகிற வழக்கம் உங்கள் வீட்டில் கிடையாதே. எழுதத் தொடங்கிய பிறகு பூசினால்தான் பலன் என்று மட்டும் சொன்னேன். அறைச் சாவியையும் கையில் கொடுத்தேன்.

அத்தை ஒரு குறையும் வைக்கவில்லை. சூடம் ஏற்றிய தட்டோடு போய்க் கங்காவைச் சுற்றினார், நெற்றி நிறையப் பூசினார். கம்ப்யூட்டருக்குள்ளிருந்து கண்காணிப்பாளர் இங்கிலீஷில் பதறினார். அந்தக் குரலைக் கேட்டு அத்தைக்கு இரக்கம் வந்துவிட்டது.

"யாரு பெத்த புள்ளையோ, இப்படிப் பதறுது. இதுக்கும் கொஞ்சம் பூசி விடறேன்லா" என்று கேமரா மேலேயே பட்டையாகப் பூசினார்.

அதோடு பரீட்சை முடிந்தது. கங்கா மேசையில் தலையை வைத்து அழுதாள். நான்தான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

எல்லாம் தன்னால்தான் என்று அத்தை இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லை. அது தப்பு மாமா. செய்தது நான்தான். தினமும் கோலாலம்பூருக்குக் கார் ஓட்டினால் அவள் உடம்பு என்னத்துக்கு ஆகும்? ஒரு புருஷன் இதை யோசிக்க வேண்டாமா?

அந்தக் கோலாலம்பூர் கம்பெனி இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறது. இந்தத் தடவை கோலாலம்பூருக்கே போய் எழுத வேண்டும். நீங்கள் கவலைப்படாதீர்கள், பரீட்சையன்று காலையில் நானே காரில் கொண்டுபோய் விடுகிறேன். எதிர்த்திசைதான், இருந்தாலும் முதலில் தஞ்சோங் காராங் பக்கம் ஒரு சுற்றுப் போய்விட்டு வரலாம் என்றிருக்கிறேன். நெல்வயலைப் பார்த்தால் அவளுக்குப் பரீட்சைப் பயம் போய்விடும்.