வெள்ளிக்கிழமைப் புகை

கல்முனையில் மட்டக்களப்பு பஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரத்தில் இருந்தவர் சொன்னார்:

“எங்கட ஊட்டுல வெள்ளிக்கிழமை மட்டுந்தான் மச்சி, குசினி விறகடுப்புப் புகை அறைக்குள்ள வரும்.”

“புகை கிழமை பார்த்தா வருது?”

“கேளுங்களன். ஏசி பூட்டவெண்டு எங்கட மனுசன் ஊடு முழுக்கக் காத்துப் புகாம கண்ணாடி அடிச்சார். அதுக்குப் பிறகு ஜும்ஆத் தொழுகைக்குப் போடுற வெள்ளைச் சட்டையெல்லாம் புகை மணம். ஈர விறகாம், எனக்கு அடுப்பெரிக்கத் தெரியாதாம்! மேசனக் கூட்டி வந்து புகைக்கூட்ட ரெண்டு தரம் உயத்தினார். சரிவரல்ல.”

“பிறகு?”

“மத்த நாள்ல கிணத்தடியில நாலு வாளி ஊத்திட்டு ஓடுற மனுசன், வெள்ளிக்கிழமைதான் பாத்ரூமுக்குள்ள ஒரு மணித்தியாலம் குளிக்கிற. அங்கத்த ஃபேன் ஊட்டுக் காத்தையெல்லாம் வெளிய தள்ளுது. இறுக்கிப் பூட்டின ஊட்டுக்குக் காத்து வேற எதால வரும்? புகைக்கூட்டாலதான், புகையோட! ஃபேன நிப்பாட்டினன், புகை நேர மேல போச்சி. போட்டன், திரும்பி வந்திச்சி. குசினி ஜன்னல நாலு விரல் திறந்தன், மணமே இல்ல!”

“மச்சான் ஒத்துக்கிட்டாரா?”

“வாயால இல்ல. ஆனா இப்ப வெள்ளிக்கிழமை குளிக்கப் போக முந்தி, அவரே வந்து குசினி ஜன்னலத் திறந்து வெச்சிட்டுத்தான் போறார்.”