மீதி அஞ்சு வோல்ட்

அக்கா: …அப்புறம் அவரு பேனாவை மூடி சட்டைப் பையில வெச்சுட்டாரு. அவ்வளவுதான்.

தம்பி: இரு இரு. வண்டிக்கு அடியில படுத்திருக்கேன், பாதிதான் காதுல விழுந்துச்சு.

அக்கா: நீ வேலையை முடி. நான் இந்த டயர் மேல உட்கார்ந்துக்கறேன்.

தம்பி: சீருடை அழுக்காயிடப்போகுது, டீச்சரம்மா!

அக்கா: பதினாலு வருஷம் இதே பட்டறையில உன்கூட கிரீஸ்ல புரண்டவடா நான். அஞ்சு மாசத்துல மறந்துட்டியா?

தம்பி: நானா மறந்தேன்? மெக்கானிக் பயிற்சி மையத்துல வேலை கிடைச்சதும் இந்தப் பக்கமே தலை காட்டாதது யாரு?

அக்கா: வந்தா நீ மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறே.

தம்பி: சரி சரி… அந்தப் பதிமூணாம் நம்பர் ஸ்பேனரை நீட்டு. யாரு பேனாவை மூடினது?

அக்கா: மேலதிகாரி. இன்னிக்கு என் வகுப்புல கடைசி பெஞ்சுல வந்து உட்கார்ந்துட்டாரு. வேலை நிரந்தரமா, இல்ல மூட்டையைக் கட்டணுமான்னு இன்னிக்குத்தான் முடிவு.

தம்பி: உனக்கென்ன? இன்ஜின் சத்தத்தைக் கேட்டே வியாதியைச் சொல்றவ.

அக்கா: அதுதான் வினையாப் போச்சு.

தம்பி: எப்படி?

அக்கா: முதல் மாசம் வகுப்புல யாராச்சும் திணறினா போதும். 'தள்ளு'ன்னு சொல்லிட்டு நானே கழட்டி, நானே மாட்டி, ஸ்டார்ட்டும் பண்ணிடுவேன். பன்னெண்டு பேரும் கை தட்டுவாங்க.

தம்பி: நல்லதுதானே!

அக்கா: பரீட்சை வெச்சா ரெண்டே பேரு தேறினாங்க.

தம்பி: அய்யய்யோ…

அக்கா: மேலதிகாரி கூப்பிட்டு, 'வண்டியை அருமையா சரி பண்ணிட்டீங்கம்மா. இவங்களுக்கு எப்போ சொல்லித் தரப்போறீங்க?'ன்னு கேட்டாரு. நேரா ஸ்டோர் ரூமுக்குப் போய் அழுதுட்டேன்.

தம்பி: நீயா? ஜாக்கி நழுவி விரல் நசுங்கினப்பவே 'ம்'னு ஒரு சத்தம் போடாதவ…

அக்கா: அது விரல்தானே. இது… கையில இருக்கறது வாய்க்கு வரலடா. 'எப்படிக் கண்டுபிடிச்சீங்க மேடம்?'னு கேட்டா, 'அது தெரியும்'னு சொல்றேன். அது ஒரு பதிலா?

தம்பி: நானும் அதைத்தானே சொல்லுவேன்.

அக்கா: அதனாலதான் உன்கிட்ட எந்த ஹெல்ப்பரும் ஆறு மாசம் தாண்ட மாட்டேங்கறான்.

தம்பி: சந்தடி சாக்குல எனக்கும் ஒரு குத்து!

அக்கா: கேளு. முதல்ல எதைப் பார்க்கறேன், எதைத் தொடறேன், ஏன்னு ஒவ்வொரு வேலையையும் உட்கார்ந்து எழுதினேன். வகுப்புல கையைப் பின்னால கட்டிக்கிட்டேன். நெசமாவே கட்டிக்கிட்டேன். 'ஏன் அதைக் கழட்டறே? அளந்து பார்த்தியா?'… இப்படிக் கேள்வி மட்டும்தான்.

தம்பி: வாயை மூடிக்கிட்டு நீ நின்னதை நான் பார்க்கணுமே!

அக்கா: நாக்குல பல்லு பதிஞ்ச தடமே இருக்கு, பாக்கறியா?

தம்பி: வேணாம் தாயே! இன்னிக்குக் கதைக்கு வா.

அக்கா: அவங்களே கண்டுபிடிக்கட்டும்னு, இன்ஜினுக்குப் போற எர்த் வயரோட போல்ட்டை லேசா தளர்த்தி வெச்சேன். சாவியைத் திருப்பினா டக்குன்னு ஒரு சத்தம், அதோட சரி.

தம்பி: பேட்டரியை மாத்தியிருப்பாங்களே.

அக்கா: மாத்தினாங்க. அப்பவும் டக்கு. ஒருத்தன் ஸ்டார்ட்டர் போச்சுன்னான். நாலு பேரு கழட்டவே கிளம்பிட்டாங்க. பதினஞ்சு நிமிஷம் ஓடிப்போச்சு. மேலதிகாரி வாட்சைப் பார்க்கறாரு…

தம்பி: ஒரு ஜாடையாவது காட்டியிருக்கலாமில்ல?

அக்கா: காட்டல. பின்னால கட்டின கையை இன்னும் இறுக்கிக்கிட்டேன். அப்போ நம்ம தையல்காரி முன்னால வந்தா.

தம்பி: யாரு அது?

அக்கா: தையல் கம்பெனியை மூடினதும் வந்து சேர்ந்தவ. ரெண்டு பிள்ளைக்குத் தாய். வந்ததிலேர்ந்து வாயே திறந்ததில்ல. வோல்ட் அளக்கற மீட்டரை எடுத்தா. ஒருத்தனை சாவியைத் திருப்பச் சொன்னா. 'பேட்டரில பன்னெண்டு நிக்குது, ஸ்டார்ட்டருக்கு ஏழுதான் வருது. மீதி அஞ்சு வோல்ட் வழியில எங்கயோ தங்கிடுச்சு'ன்னா.

தம்பி: அடி சக்கை!

அக்கா: அப்புறம் வயரை ஒவ்வொண்ணா விரலால தடவிக்கிட்டே போனா… நூல் அறுந்த இடத்தைத் தேடற மாதிரி. போல்ட்டுகிட்ட நின்னு, அங்கயும் அளந்து பார்த்துட்டுத்தான் இறுக்கினா. சாவியை ஒரே திருப்பு… வண்டி கிளம்பிடுச்சு!

தம்பி: எனக்கே புல்லரிக்குது.

அக்கா: மேலதிகாரி எழுந்து வந்து, 'இதை உங்களுக்கு யாரு சொல்லித் தந்தது?'ன்னு கேட்டாரு. அவ நிமிர்ந்து, 'யாரும் சொல்லித் தரல சார். நானே கண்டுபிடிச்சேன்'னா.

தம்பி: உன் பேரைச் சொல்லலியா? இது என்ன நியாயம்?

அக்கா: போடா மடையா… அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே நாலு மாசமா தவம் கிடந்தேன்! அதைக் கேட்டதும்தான் அவரு பேனாவை மூடி, 'நீங்க நிரந்தரம்மா'ன்னாரு.

தம்பி: அந்தத் துணியை இப்படிப் போடு.

அக்கா: என்னடா, கண்ணைத் துடைக்கறே?

தம்பி: ஒண்ணுமில்ல… கண்ணுல தூசி.

அக்கா: ஓஹோ.

தம்பி: ரொம்பப் பெருமையா இருக்குக்கா. நீ கிளம்பற அன்னிக்கு, 'சுத்தியல் பிடிச்ச கைக்கு சாக்பீஸ் எதுக்கு'ன்னு கத்தினேனே…

அக்கா: அதை விடு.

தம்பி: விட முடியல. அக்கா… இந்த மாசம் மூணு எலக்ட்ரிக் கார் வாசல் வரைக்கும் வந்துச்சு. இடம் இல்ல, ஆள் இல்லன்னு பொய் சொல்லித் திருப்பி அனுப்பிட்டேன். திறந்து பார்க்கவே பயம். இருபது வருஷ மெக்கானிக், பயம்னு யார்கிட்ட சொல்றது?

அக்கா: இப்போ என்கிட்ட சொல்லிட்டியே.

தம்பி: அதனால… நீ சிரிக்கக் கூடாது… திங்கக்கிழமை ஆரம்பிக்கிற உன் சாயங்கால எலக்ட்ரிக் கார் வகுப்புல நானும் சேர்ந்திருக்கேன்.

அக்கா: தெரியும்டா. பேர் பட்டியல் நேத்தே என் கைக்கு வந்துடுச்சு. நீயே வாயைத் திறந்து சொல்லட்டும்னுதான் இவ்வளவு நேரம் இந்த டயர் மேல உட்கார்ந்திருக்கேன்.