ராசிக் கை ஊற்றிய ஆயில்

இந்தப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் ஒரு சின்ன ஃபேன் வைக்கச் சொல்லி யாராவது பங்குப் பேரவையில் பேசினால் நல்லது, ஃபாதர். உங்களுக்கே வியர்க்கிறது. நான் சொல்லப்போவது கொஞ்சம் நீளம், அதனால்தான் கேட்கிறேன்.

நான் ரோஸ்லின். வில்லியனூர் பைபாஸில் எங்கள் அப்பா வைத்த ஆயில் கடையை இப்போது நான்தான் பார்க்கிறேன். டிராக்டர், பம்ப்செட், பைக், எதுவாக இருந்தாலும் முதல் ஆயிலை நான்தான் ஊற்ற வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. எனக்குக் கைராசி என்று பேர். நெட்டப்பாக்கத்துக் கலியம்மாள் புது டிராக்டரை வீட்டுக்குக்கூடக் கொண்டுபோகாமல் நேரே என் கடை வாசலுக்கு ஓட்டிவரச் சொன்னாள். "உன் கையால ஒரு சொட்டு ஊத்துடி, அது போதும்" என்றாள். அந்த டிராக்டர் இன்றுவரை படுத்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்ல இது வேண்டியிருக்கிறது.

என் வீட்டுக்காரர் பாக்யராஜை உங்களுக்குத் தெரியும். கரையாம்புத்தூரில் தன் பங்குக்கு வந்த நிலத்தை விற்று, போன வருஷம் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கினார். பழைய வண்டிதான், இரண்டே ஸீட். நீங்கள்தான் வந்து மந்திரித்தீர்கள். நீங்கள் தீர்த்தம் தெளிக்கத் தெளிக்க அவர் பின்னாலேயே கர்ச்சீப்பால் துடைத்துக்கொண்டு வந்தார். பெயின்ட்டில் கறை விழுந்துவிடுமாம்.

அதை ரோட்டில் ஓட்ட அவர் வாங்கவில்லை. சென்னைப் பக்கம் ஒரு ரேஸ் டிராக்கில், ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் சொந்த வண்டியைக் கொண்டுபோய் ஓட்டலாம். சனிக்கிழமை சாயங்காலமே கிளம்பிவிடுவார். ஞாயிறு பூசைக்கு வருவது நின்றது. நான் செய்ததெல்லாம் அவருடைய ஆத்துமத்துக்காக என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் தடவை போகும் முன் என்னிடம் வந்துதான் கேட்டார். "இன்னா ரோஸு, எந்த ஆயில் போடலாம்? புக்குல அஞ்சு டபிள்யூ முப்பதுன்னு போட்டுருக்கான்."

"அது ரோட்டுக்கு மாமா. டிராக்ல வெரட்டுனா ஆயில் கொதிச்சு தண்ணியா பூடும். இதுக்குப் பத்து டபிள்யூ அறுபதுதான் சரி."

நியாயமாகத்தான் சொன்னேன். அந்த டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண், குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கு. நம் ஊரில் அதைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்? பின்னால் இருக்கும் எண்தான் சூட்டுக்கு. அந்த எண் பெரிதாக இருந்தால், எவ்வளவு கொதித்தாலும் ஆயில் கெட்டியாக நின்று இரும்பும் இரும்பும் தொடாமல் காப்பாற்றும். ரசமும் சாம்பாரும் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வண்டிக்கும் சாம்பார் தேவையில்லை. இந்த வண்டிக்குத் தேவை.

என் கையாலேயே ஊற்றினேன். வண்டி அருமையாக ஓடியது. பிரச்சினையே அதுதான், ஃபாதர். சாப்பிடும்போதெல்லாம் எந்த வளைவில் எந்த கியர் என்ற பேச்சு. நான் பேசினால் 'உம்' கொட்டுவார். எனக்குக் காய்ச்சல் வந்ததை மூன்றாம் நாள் கவனித்தார். அந்த இன்ஜினில் லேசாக ஒரு சத்தம் மாறினால் அடுப்படியில் இருந்தாலும் அவர் காது அங்கே நீளும். எனக்கு வயிற்றெரிச்சல் கிடையாது. இரும்போடு யார் போட்டி போடுவார்கள்?

பிறகு ஒரு நாள் என் ஸீட்டைக் கழற்றினார். எடை குறைந்தால் வண்டி இன்னும் வேகமாகப் போகுமாம். ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு, "எப்படியும் நீ ஏறப் போறதில்ல இல்ல" என்றார். அதைத் தூக்கி மாட்டுக் கொட்டகையில் போட்டார். அவருக்குப் பிடித்த வஞ்சிரம் வறுத்தேன். நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் கடையில், காலியான பத்து டபிள்யூ அறுபது கேன் ஒன்றை எடுத்துத் துடைத்து, அதில் பூஜ்யம் டபிள்யூ இருபதை நிரப்பினேன். மைலேஜுக்காகச் செய்த சாதுவான வண்டிகளுக்கு ஊற்றுகிற ஆயில் அது. நிறம் ஒன்றுதான், விரலில் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். அவர் தொட்டுப் பார்க்க மாட்டார். ராசியான கை ஊற்றும்போது நடுவில் விரல் விடக்கூடாது என்று சொன்னவரே அவர்தான். ஊற்றி முடித்ததும் வழக்கம்போல் சிலுவை போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் டிராக்கிலிருந்து போன் செய்தார். "ரோஸு, ஆயில் பிரஷர் முள்ளு கொஞ்சம் கீழ நிக்குதே. நிறுத்திரட்டுமா?"

"புது ஆயில்தான மாமா. ரெண்டு ரவுண்டு போனா சரியா பூடும்."

கல்யாணமானதிலிருந்து நான் சொல்லி அவர் மறுபேச்சு பேசாமல் கேட்டுக்கொண்ட ஒரே விஷயம் ஆயில்தான். சரி என்று வைத்துவிட்டார். நீண்ட வலது வளைவில் பேரிங் தேய்ந்து இன்ஜின் இறுகிவிட்டது. பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு, வண்டி சுற்றிப்போய் ஓரத்தில் டயர் அடுக்கிய சுவரில் இடித்தது. காறை எலும்பு முறிந்தது. அதோடு போயிற்று, மாதா காப்பாற்றினாள். நான் வண்டிக்குத்தான் செய்தேன், ஃபாதர். உள்ளே அவர் இருப்பார் என்று தெரியும். ஆனால் தெரிவது வேறு, நினைப்பது வேறு.

மெக்கானிக் பலராமன் மட்டும் ஆயிலை வடித்து விரலில் தேய்த்துப் பார்த்தார். "இன்னாம்மா இது, ஆறின பிறகும் இவ்ளோ தண்ணியா இருக்குது?" என்றார். நான் டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டுத் தானே தலையை ஆட்டிக்கொண்டார். "நீ ஊத்துனதுல கொற இருக்காது. இன்ஜின்லதான் கோளாறு" என்று கையைத் துடைத்துக்கொண்டார். ஊரே அதைத்தான் சொல்கிறது. என் கை ராசியால்தான் உயிர் தப்பியதாம்.

கார் இரும்புக் கடைக்குப் போய்விட்டது. அவர் வீட்டோடு இருக்கிறார். அந்த ஸீட்டை மாட்டுக் கொட்டகையிலிருந்து எடுத்துக் கழுவி ஹாலில் போட்டிருக்கிறேன். சாய்வு வசதியாக இருக்கிறது. அதில் உட்கார வைத்துத்தான் அவருக்கு ஊட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருகிறேன் என்று அவரே சொன்னார், இந்த உடம்போடு வேண்டாம் என்று நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். கூட்டத்தில் யாராவது இடித்துவிட்டால்?

என்ன கேட்டீர்கள்? அவர் முன்னால் வளர்த்த பந்தயப் புறாக்களா? அதில் என் பங்கு ஒன்றுமில்லை, ஃபாதர். கூண்டைத் திறந்து வைத்தது மட்டும்தான் நான். மற்றதெல்லாம் பூனை.

செய்ததை நினைத்து மனஸ்தாபம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். அது இருக்கிற மாதிரி தெரியவில்லை. இருந்தாலும் ஒரு மனைவி செய்ய வேண்டியதைத்தானே செய்தேன், அதற்கு எத்தனை அருள்நிறை மந்திரம் சொல்ல வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். சீக்கிரம் சொன்னால் நல்லது, அவருக்கு மாத்திரை கொடுக்கிற நேரம்.

நேற்றிலிருந்து நாய்க்குட்டி ஒன்று வேண்டும் என்று ஆரம்பித்திருக்கிறார். திருக்கனூரில் தெரிந்தவர் ஒருவர் தருகிறாராம். வெள்ளைக் குட்டி, நெற்றியில் கறுப்புப் பொட்டு. போனில் அதன் படத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறார், நான் நீட்டிய கவளம் வாய்க்கு நேரே காத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு அதன்மேல் ஒரு கோபமும் இல்லை. சின்னக் குட்டிதானே. நாளைக்கு வருகிறது. முதல் கிண்ணிப் பாலை என் கையால்தான் ஊற்ற வேண்டும் என்கிறார், ஃபாதர். ராசியான கையாம்.