வெட்டாத பதிவு

நாடகப் பதிவு வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, கடைசிக் காட்சி அதில் இருக்கிறதா என்பதைத்தான், சார். எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கம் பாதிப் பேரிடம் அது இருக்காது. பபூன் காமெடியையும் நாலு பாட்டையும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, "முழு நாடகமும் எங்கிட்ட இருக்குல்ல" என்பார்கள். கேட்க வெட்கமாக இருக்கும்.

என் வீட்டில் உள்ளவை எல்லாம் விடிய விடிய நடந்த நாடகங்களின் முழுப் பதிவுகள். பாளையம்பட்டியில் மைக் செட் வைத்திருப்பதால் நானே பதிவு செய்வேன். பெரிய தொல்லை அறிவிப்புதான். ராஜபார்ட் உயிரைக் கொடுத்துப் பாடிக்கொண்டிருப்பார்; நடுவில் எவனாவது வந்து, இன்னாரை மேடைப் பக்கம் வரச் சொல் என்பான். அப்படிக் கெட்டுப்போனதை நான் வைத்துக்கொள்வதில்லை. ரசனை கெட்ட ஜனம்.

இந்தப் பங்குனிப் பொங்கலுக்குப் பந்தல்குடியைத் தாண்டி ஒரு ஊரில் மருதுபாண்டி ராஜபார்ட். இனி மேடை ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டார். விடியப்போகும் நேரம், சுடுகாட்டுக் காட்சி. பாம்பு கடித்த பிள்ளையை மடியில் போட்டு ராணி அழுகிறாள். ஊரே மூக்கைச் சிந்துகிறது. அடுத்து ராஜா பாட வேண்டும். அந்தப் பாட்டுக்காகத்தான் நான் அங்கே போனதே. அப்போது நாகஜோதி என்ற பெண் ஓடி வந்தாள்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரரப் பாம்பு கடிச்சிருச்சுண்ணே. வேன்காரரு ஜெயபாண்டி இங்கதான் நாடகம் பாக்குறாரு. போனு அடிச்சா எடுக்க மாட்டேங்குறாரு. மைக்குல கூப்பிடுங்கண்ணே."

நான் அவளைத் திட்டவில்லை, விரட்டவுமில்லை. அறிவிப்பு மைக்கை அவள் கையிலேயே கொடுத்தேன். "நீயே கூப்பிடும்மா" என்றேன். அதன் சுவிட்சை மட்டும் முன்பே அணைத்திருந்தேன். ஸ்பீக்கர் அலறுகிற இடத்தில் தன் குரல் வெளியே போகவில்லை என்பது அவளுக்குத் தெரியவில்லை. "ஜெயபாண்டியண்ணே, வெரசா வாங்கண்ணே" என்று திரும்பத் திரும்பக் கத்தினாள். சகிக்க முடியாத குரல், சார்.

ஜெயபாண்டியை எனக்குத் தெரியும். முன்வரிசையில் உட்கார்ந்து, ராணிக்காகத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் யாரோ அவள் புருஷனை பைக்கில் நடுவே உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியில் பந்தல்குடியிலேயே தலை சாய்ந்துவிட்டதாம். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னாராம். இருக்கலாம். மைக்கை அணைத்தது நான்தான். அதை நான் மறைக்கவில்லை.

ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். மருதுபாண்டியின் கடைசி நாடகம் முழுதாக இருப்பது இன்று என் ஒருவனிடம்தான். ஆரம்பம் முதல் மங்களம் வரை நான் எங்கும் கை வைக்கவில்லை. அந்தப் பெண் போட்ட கூச்சல் மட்டும், கூட்டத்துக்குக் கேட்காவிட்டாலும், பாட்டு நெடுக மேடை மைக்கில் லேசாக விழுந்துவிட்டது. அதனால் ராஜா பாடுகிற பாட்டை வெட்டி எடுத்துவிட்டேன்.