கிரையம் முறிஞ்ச கதை

ஏனுங்க, சம்மனை நின்னுட்டேதான் குடுக்கோணும்னு சட்டமுங்களா? உக்காருங்க. செம்மநத்தம் மேடேறி வந்து மூச்சு வாங்குது. கோர்ட்டு ஆளுன்னாலும் நெஞ்சு நெஞ்சுதானுங்களே. காப்பி குடிங்க, நம்ம தோட்டத்துது. கேசு தோத்தா, அதைப் போட்ட மெட்ராஸ்காரர் காப்பி ஆயிரும், அதுக்குள்ள குடிச்சுப்போடுங்க.

கைநாட்டா? நான் கையெழுத்தே போடுவனுங்க. அது தெரிஞ்சதுனாலதானே இத்தனை வம்பு.

என்ன எழுதியிருக்குது, படிங்க. முத்தாயிங்கறவ ரெண்டு ஏக்கராவக் கிரையம் பண்றதா அக்ரிமெண்டு போட்டு, அட்வான்சும் வாங்கிட்டு, ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வராம ஏமாத்திட்டா. நெசந்தானுங்க. அதனால அவருக்கு மன உளைச்சலா? ஐயோ பாவம். பங்களா கட்ட ஏற்காட்டுல வேற எடமே இல்லியாட்ட இருக்குது.

அட்வான்சா? மஞ்சப்பையில கொண்டுபோய் நீட்டுனேன். அவர் வக்கீலு தொடலீங்க. நெலந்தான் வேணுமாம். நான் தோத்தா கோர்ட்டே எனக்குப் பதிலாக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருமாமே? நல்ல வசதி. எனக்கும் பஸ் சார்ஜு மிச்சம்.

ஏன் முறிச்சேனா? விக்கத்தானுங்க இருந்தேன். அளக்க வந்த அன்னைக்குத்தான் சுத்தீலும் முள்ளுக்கம்பி போடுவோம்னாங்க. நடக்க ஒரு தடம் மட்டும் உடுங்கன்னேன். அக்ரிமெண்டுல இல்லியேன்னாரு.

கீழ தெரியுதே ஓட்டு ஊடு, வெள்ளையம்மாளுது. என்ற ஓரகத்தி. நொம்ப நல்லவ. பன்னெண்டு வருசமா எங்களுக்குள்ள பேச்சில்ல. என்ற மாடு அவ ராகியத் தின்னுபோட்டுதுன்னு சேர்வராயன் கோயில் முன்னால மண்ண வாரித் தூத்துனவ. என்ற ஊட்டுக்காரர் எழவுக்கும் வரலீங்க. அவளுக்குத் தண்ணிக்கும் பஸ்ஸுக்கும் இந்த நெலத்து வழியா ஒரே தடந்தான். அந்தப் பக்கம் பாறை. மொழங்கால் வேற போச்சு. வேலி போட்டா ஊட்டப் பூட்டிட்டு, சேலத்துல மருமக கையப் பாத்துட்டுக் கெடக்கோணும்.

இதை ஜட்ஜுகிட்டச் சொல்றதா? நல்லாச் சொன்னீங்க போங்க. சொன்னா மறுநாளே ஊருக்குள்ள வந்துரும். அவ காதுக்கும் போயிரும். தோத்தாலும் சொல்ல மாட்டனுங்க.

கெளம்பிட்டீங்களா? பாத்து எறங்குங்க. பாதி வழியில அவ கொடத்தோட எதுக்க வருவா. கோர்ட்டு ஆளு எதுக்கு வந்தீங்கன்னு நிறுத்தி வெச்சுக் கேப்பா, உடமாட்டா. வெலை பத்தலைன்னு முத்தாயி முறிச்சுப்போட்டான்னு சொல்லுங்க.

என்னைப் பத்தின்னா அதை லேசா நம்பிருவா.