சிலாஸ் அத்தான் கண்ட ஒளிவட்டம்

எனக்கு நல்ல குரல் வளம், டாக்டர். மெட்டுகுடாவில் எங்கள் தமிழ்ச் சபையில் ஞாயிறு மாலை வேத பாடம் வாசிப்பது நான்தான். அப்படியிருந்தும் சபைக் கமிட்டித் தேர்தலில் மூன்று முறை தோற்றேன்.

மாத்திரையெல்லாம் பீரோவில் அப்படியே இருப்பதை என் மனைவி ஹில்டா உங்களிடம் சொல்லிவிட்டாளாம். ஒளிக்க என்ன இருக்கிறது?

அவள் அண்ணன் சிலாஸ் அத்தான், லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரிட்டையராகி எங்களோடு இருக்கிறார். கண் அழுத்தத்துக்கு நீங்கள் எழுதிய மாத்திரையைப் போட்டால் அரை மணிக்கொரு முறை ஒன்றுக்குப் போகவேண்டும். நான் ஏசாயாவைத் திறந்ததும் முன் பெஞ்சிலிருந்து எழுந்து கைத்தடியைத் தட்டிக்கொண்டு போவார். சபையே அவரைத்தான் பார்க்கும்.

அதனால் ஒரு சனி, ஞாயிறு மட்டும் ஹில்டாவின் கால்சியம் மாத்திரையைக் கொடுத்தேன். இரண்டும் வெள்ளை, இரண்டும் வட்டம்.

அன்று அசையாமல் உட்கார்ந்திருந்தவர், சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்தார்.

"பாடம் வாசிக்கையில எங்க மாப்ள தலையைச் சுத்தி வானவில் மாதிரி ஒரு வட்டம் பாத்தேன்."

அவர் பொய் சொல்லாதவர் என்பது ஊருக்கே தெரியும். என் தலைக்கு மேலே நூறு வாட் பல்பு. அழுத்தம் ஏறினால் விளக்கைச் சுற்றி வட்டம் தெரியும், கவனிக்காவிட்டால் பார்வை போகும், போனால் திரும்பாது என்று நீங்கள் முதல் நாளே சொல்லியிருந்தீர்கள். ஆனாலும் பெரியவர் சொன்ன சாட்சியைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த மாதத் தேர்தலில் முதலாவதாக வந்தேன். லோயிஸ் டீச்சர் மகனுடைய ஹால் டிக்கெட்டைக் கொண்டுவந்து என் தலையில் தொட்டு எடுத்துப் போனார். கமிட்டியில் நான் கொண்டுவந்த முதல் தீர்மானம், அந்தப் பல்பை இருநூறு வாட்டாக மாற்றுவது.

இந்த நிலையில் பழைய மாத்திரையை எப்படி ஆரம்பிப்பது? ஏழு மாதமாகக் கால்சியம்தான். எலும்பு உறுதியாக இருக்கிறது, கவனித்திருப்பீர்கள். சென்ற முறை மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா என்று நீங்கள் கேட்டபோதுகூட அத்தான், "வேளை தவறாம மாப்ளதான் தன் கையால குடுக்காரு" என்றார். அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

போன ஞாயிறு வாசித்து முடித்ததும் ஆசையாகப் போய்க் கேட்டேன், வட்டம் எப்படி இருந்தது என்று.

"வட்டம் தெரியல, மாப்ள. நீங்களும் தெரியல."

எனக்கு மனசே விட்டுப்போயிற்று. இதற்கு உங்களிடம் மருந்து இருக்காது, டாக்டர். அத்தானுக்கு விசுவாசம் குறைந்துவிட்டது.